பனி இறுகும் மாதங்கள்: ஹொக்கைடோவின் வசந்தகாலக் கரடி வேட்டை

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் 2023 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு பழைய வேட்டை புதிய பெயரில் மீண்டும் தொடங்கியது. குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும் வாரங்களில், ஊர்களை ஒட்டிய காடுகளில் கரடிகளைத் தேடிச் சென்று சுடுவதற்கு ஹொக்கைடோ நிர்வாகம் வழி திறந்துவிட்டது. இதே நிர்வாகம்தான் 1966 இல் வசந்தகாலக் கரடி அழிப்பைத் தொடங்கி, 1990 இல் அதைக் கைவிட்டிருந்தது. அதற்கும் நெடுங்காலம் முன்னரே, தீவின் பூர்வீகக் குடிகளான ஐனு மக்கள் அதே பருவத்தில் அதே மலைகளில் கரடி வேட்டையாடி வாழ்ந்தார்கள். அவர்களுடைய வேட்டையை முடக்கியதும் அரசுதான்.

ஒரே பருவம், ஒரே விலங்கு, மூன்று வேட்டைகள். இந்த வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு விலங்குகள் மீதான ஆர்வம் மட்டும் காரணமல்ல. காட்டோரத்தில் வாழும் சனத்துக்கும் தலைநகரில் எழுதப்படும் சட்டத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை, வன்னிக்குச் செய்தி சேகரிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அந்தத் தூரம் ஒரு மக்களையும், ஒரு விலங்கையும், கடைசியில் அரசையுமே என்ன நிலைக்குக் கொண்டுவரும் என்பதற்கு ஹொக்கைடோ ஒரு நூற்றைம்பது வருடச் சாட்சி.

ஏன் வசந்தகாலம்?

ஹொக்கைடோவில் வாழ்வது பழுப்புக் கரடி. ஜப்பானியர் இதனை ஹிகுமா என்பர். ஜப்பானின் தெற்குத் தீவுகளில் உள்ள கறுப்புக் கரடியை விட இது மிகப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் கரடி 300 கிலோவையும் தாண்டும். நவம்பர் கடைசியிலோ டிசெம்பரிலோ இவை குகைக்குள் போய்விடும். மலைச்சரிவில் தாமே தோண்டிக்கொண்ட பொந்து அது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தாய்க்கரடி அதற்குள்ளேயே குட்டி போடும். பிறக்கும்போது குட்டியின் நிறை அரைக்கிலோவும் இராது. மார்ச் மாதத்திலிருந்து கரடிகள் வெளியே வரத் தொடங்கும். முதலில் வருவன ஆண்கள். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கரடிகள் கடைசியாக, ஏப்ரல் பிற்பகுதியிலோ மே மாதத்திலோ வரும்.

வேட்டைக்காரருக்கு இந்த வாரங்கள் முக்கியமாவதற்கு முதற் காரணம் பனி. பகல் வெயிலில் இளகும் பனியின் மேற்பரப்பு இரவுக் குளிரில் மீண்டும் இறுகி ஓடு போல ஆகிவிடும். அதன்மேல் மனிதர் கால் புதையாமல் நடக்கலாம். கோடையில் ஹொக்கைடோவின் காட்டுத் தரையை சசா என்னும் குள்ள மூங்கில் ஆள் உயரத்துக்கு மூடியிருக்கும். அதற்குள் கரடி பத்தடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பனிக்காலத்தில் அந்த மூங்கிலெல்லாம் பனிக்கடியில் படுத்துவிடும். மரங்களிலும் இலை இராது. ஒரு பள்ளத்தாக்கின் இக்கரையில் நின்று அக்கரைச் சரிவு முழுவதையும் பார்க்கலாம். புதிதாக வெளியே வந்த கரடியின் தடம் வெள்ளைத் தாளில் எழுதிய எழுத்துப் போலத் தெரியும்.

இரண்டாவது காரணம் பொருளாதாரம். பல மாதம் உணவின்றிக் கிடந்த கரடியின் பித்தப்பை நிரம்பிப் பெருத்திருக்கும். உலர்த்திய கரடிப் பித்தம் கிழக்காசிய மருத்துவத்தில் மிகவும் விலைபோன பொருள். பித்தத்துக்குப் பொன்னின் விலை என்று பேசப்பட்ட காலமும் உண்டு. குளிர்காலத் தோலும் அடர்த்தியானது. மூன்றாவது காரணம் பயம். பனி உருகி மூங்கில் நிமிர்ந்துவிட்டால் கரடியைத் தேடிப் போக முடியாது. பிறகு கரடிதான் மனிதரைத் தேடி வயலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் வரும்.

விருந்தாளியாக வந்த தெய்வம்

ஐனு மொழியில் பழுப்புக் கரடிக்கு கிமுன் கமுய் என்று பெயர். மலையின் தெய்வம் என்பது பொருள். தெய்வங்கள் தங்கள் உலகத்தில் மனித உருவில் வாழ்கின்றன, மனிதரிடம் வரும்போது கரடித் தோலைப் போர்த்து, இறைச்சியைப் பரிசாகச் சுமந்து வருகின்றன என்பது ஐனு நம்பிக்கை. எனவே வேட்டை என்பது அவர்களுக்கு விருந்தாளியை வரவேற்பது. இறைச்சியையும் தோலையும் பெற்றுக்கொண்டு, அந்தத் தெய்வத்தை மரியாதையோடு திருப்பி அனுப்பிவைக்க வேண்டியது மனிதரின் கடமை. நன்றாக உபசரிக்கப்பட்ட தெய்வம் தன் உலகத்தில் போய் அதைச் சொல்லும். அடுத்த வருடமும் மற்றத் தெய்வங்கள் வரும்.

வேட்டைக்குப் புறப்படும் முன் அடுப்பு நெருப்பின் தெய்வத்திடம் வேண்டுதல் நடக்கும். ஒவ்வோர் ஊருக்கும் இவோர் எனப்படும் வேட்டைப் பரப்பு இருந்தது. எந்தச் சரிவில், எந்த மரவேருக்குக் கீழே குகை இருக்கும் என்ற அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறியது. பிற்குளிர் மாதங்களில் நாய்களோடு போய், குகை வாசலில் மரக்கம்புகளைக் குறுக்கே நட்டு, கரடி உடனே பாய்ந்து வெளியேற முடியாதபடி செய்வார்கள். பிறகு வில்லாலோ ஈட்டியாலோ கொல்வார்கள். அம்பு முனையில் சுர்கு என்னும் நஞ்சு பூசப்பட்டிருக்கும். மலையில் வளரும் ஒரு செடியின் கிழங்கிலிருந்து எடுக்கப்படுவது அது. அம்பு தைத்த இடத்தைச் சுற்றியுள்ள சதையை வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்பார்கள். கரடி நடமாடும் பாதையில் கயிறு கட்டி, அது தட்டுப்பட்டவுடன் தானே எய்யும் பொறிவில்லும் அவர்களிடம் இருந்தது. அதன் பெயர் அமப்போ. வன்னியில் கட்டுத்துவக்கு வேலை செய்யும் விதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குகைக்குள் குட்டி இருந்தால் அதைக் கொல்லாமல் ஊருக்குக் கொண்டுவருவார்கள். மிகச் சிறிய குட்டியென்றால் பெண்கள் தாய்ப்பால் கொடுத்தும் வளர்த்தார்கள். குட்டி ஓரிரு வருடம் ஊரின் பிள்ளையாக இருக்கும். பிறகு ஒரு குளிர்காலத்தில் இயோமாந்தே என்னும் பெரும் சடங்கில், மதுவும் பலகாரமும் உலர்ந்த சல்மன் மீனும் கொடுத்து அதன் உயிரைத் தெய்வ உலகத்துக்கு அனுப்புவார்கள். வளர்த்த கரடியைக் கொல்லும் இந்தச் சடங்கு வெளியாரின் கண்ணுக்குக் கொடூரமாகத் தெரிந்தது. இன்றைக்கும் பலருக்கு அது ஏற்கக் கடினம். வளர்த்த பெண்கள் அந்த நாளில் அழுதார்கள் என்பதும் பதிவில் உள்ளது. நான் இதை அழகுபடுத்த விரும்பவில்லை. ஆனால் கொல்வதற்கு ஒரு கணக்கும், கொன்றபின் ஒரு கடனும் இருந்த வேட்டை அது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஐனு மக்கள் எல்லாக் கரடியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. மனிதரைக் கொன்ற கரடி வென் கமுய், அதாவது கெட்ட தெய்வம். அதற்கு அந்த உபசாரம் கிடையாது. எந்தக் கரடி ஆபத்தானது, எது அப்படியல்ல என்று பிரித்தறிவதே காட்டோர வாழ்வின் முதற் பாடமாக இருந்தது. பின்னால் வந்த அரசின் பதிவேடுகளில் காணாமல்போனது இந்தப் பிரிவினைதான்.

நஞ்சு அம்புக்குத் தடை

1869 இல் மெய்ஜி அரசு அந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் சூட்டி, குடியேற்றத்துக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. ஐனு மக்களின் நிலம் உரிமையாளர் இல்லாத நிலமாகக் கணக்கிடப்பட்டது. தெற்கிலிருந்து குடியேற்றவாசிகள் வந்தார்கள். காடு வெட்டப்பட்டது. 1876 இல் நஞ்சு அம்பு தடைசெய்யப்பட்டது. வேட்டைக்குத் துவக்கும் அனுமதிப்பத்திரமும் தேவை என்ற நிலை வந்தது. ஆறுகளில் சல்மன் பிடிப்பதும் படிப்படியாகத் தடைக்குள் வந்தது. தலைமுறை தலைமுறையாக உண்ட மீனைப் பிடித்தவர் திருடர் ஆனார். பின்னாளில் ஜப்பானியப் பாராளுமன்றத்துக்குச் சென்ற முதல் ஐனு இனத்தவரான கயானோ ஷிகெருவின் தகப்பனாரும் சல்மன் பிடித்ததற்காகக் கைதானவர். அந்தக் காட்சியை மகன் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1899 இல் வந்த "முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்" வேட்டைக்கார மக்களை விவசாயிகளாக மாற்ற முயன்றது. ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஹெக்டயர் என்று காணி கொடுத்தது. அதில் பயிர் விளையாத நிலமும் இருந்தது. காணியைக் குறித்த காலத்துக்குள் பண்படுத்தாவிட்டால் அரசு திருப்பி எடுத்துக்கொள்ளும். பெயரில் பாதுகாப்பு என்று இருந்த அந்தச் சட்டம் 1997 வரை புத்தகத்தில் கிடந்தது.

இதே காலத்தில் ஓநாய்க்கும் கரடிக்கும் தலைக்கு இவ்வளவு என்று பரிசுப்பணம் அறிவிக்கப்பட்டது. குதிரைப் பண்ணைகளைக் காக்க நஞ்சிட்ட இறைச்சி வைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஹொக்கைடோ ஓநாய் அழிந்தது. கரடி தப்பியது. 1955 இல் ஹொக்கைடோ ஆளுநரின் சுற்றறிக்கை, இயோமாந்தே காட்டுமிராண்டித்தனமான சடங்கு, அதைக் கைவிட வேண்டும் என்றது. அந்தச் சுற்றறிக்கை 2007 இல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையில் போன 52 வருடங்களில் அந்தச் சடங்கின் மொழியும் பாட்டும் தெரிந்த தலைமுறை பெரும்பாலும் போய்விட்டது.

குடியேறியவர்களின் கதை

குடியேற்றவாசிகளை வில்லன்களாக மட்டும் எழுதினால் இந்தக் கதை பொய்யாகிவிடும். தெற்கில் நிலமில்லாமல், வறுமையால் துரத்தப்பட்டு வந்த ஏழை விவசாயிகள் அவர்களில் மிகப் பலர். காட்டைப் பற்றி எதுவும் அறியாமலே அவர்கள் காட்டின் விளிம்பில் இறக்கிவிடப்பட்டார்கள்.

1915 டிசெம்பரில் தோமாமே கிராமத்தின் சங்கெபெத்சு என்ற குடியேற்றத்தில் நடந்தது ஜப்பானின் மிக மோசமான கரடித் தாக்குதல். குளிர்காலம் தொடங்கியும் குகைக்குள் போகாத ஒரு பெரிய ஆண் கரடி, சில நாட்களுக்குள் புல்லாலும் பலகையாலும் கட்டிய வீடுகளுக்குள் புகுந்து ஏழு பேரைக் கொன்றது. கர்ப்பிணிப் பெண்ணும் பிள்ளைகளும் அதில் அடக்கம். இறந்தவரின் செத்தவீடு நடந்துகொண்டிருந்த வீட்டுக்குள்ளும் அது நுழைந்தது. நூற்றுக்கணக்கான ஆட்கள் திரட்டப்பட்டார்கள். இறுதியில் அதைச் சுட்டது அந்தப் பகுதியின் அனுபவமிக்க வேட்டைக்காரர் ஒருவர். தப்பிய குடும்பங்கள் அந்த ஊரை விட்டுப் போய்விட்டன. குடியேற்றம் காடாகியது.

அப்போது ஏழு வயதுச் சிறுவனாக இருந்த ஒகாவா ஹருயோஷி, ஊர்த் தலைவரின் மகன். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் பத்துக் கரடி என்று சபதம் எடுத்து வேட்டைக்காரரானார். எழுபதோடு நிற்கவில்லை. நூறைத் தாண்டிய பிறகே துவக்கைக் கீழே வைத்தார். அதன் பின் 1977 இல் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுக்கல்லை அங்கே நிறுவினார். ஒரு சிறுவயதுப் பேரிழப்பு ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அரசு நடத்திய வேட்டை: 1966 - 1990

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விவசாயமும் மாட்டுப் பண்ணைகளும் மலையடிவாரம் வரை நீண்டன. 1960 களின் தொடக்கத்தில் மாடுகள் இறப்பதும் மனிதர் தாக்கப்படுவதும் கூடின. 1966 இல் ஹொக்கைடோ நிர்வாகம் வசந்தகால அழிப்பு முறையைக் கொண்டுவந்தது. வேட்டைக்காரர் குழுக்கள் பனி இறுகிய மாதங்களில் மலையேறி, குகையிலும் வெளியிலும் அகப்பட்ட கரடிகளைச் சுட்டன. முன்னர் ஐனு வேட்டைக்காரருக்குத் துணைசெய்த அதே பனிதான் இவர்களுக்கும் துணைசெய்தது. ஆனால் இப்போது கையில் தூரத்திலிருந்தே சுடும் ரைபிள் இருந்தது. மலைக்குள் வனப்பாதைகள் போடப்பட்டிருந்தன. கீழே ஊரில் தொல்லை கொடுத்த கரடியா, மலை உச்சியில் தன்பாட்டில் வாழும் கரடியா என்ற கேள்வி எழவில்லை. எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கம்.

பழுப்புக் கரடி மெதுவாகப் பெருகும் விலங்கு. ஒரு ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிதான். குட்டி ஒன்றரை, இரண்டு வருடம் தாயோடு இருக்கும். அதுவரை தாய் மீண்டும் ஈனாது. குகையில் தாயைச் சுட்டால் குட்டியும் சேர்ந்தே போகும். இருபது வருடத்துக்கு மேல் இது தொடர்ந்தபோது, தீவின் மேற்குப் பகுதிகளில் கரடி மிகவும் அருகியது. இயற்கை பாதுகாப்புக் குரல்களும் எழுந்தன. 1990 இல் அரசு இந்த முறையைக் கைவிட்டது. அப்போது தீவில் ஏறக்குறைய ஐயாயிரம் கரடிகளே இருந்திருக்கும் என்பது நிர்வாகத்தின் பிந்திய மதிப்பீடு.

கரடி கூடியது, அறிந்தவர் குறைந்தார்

அடுத்த முப்பது வருடத்தில் கரடிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடி 12,000 அளவுக்கு வந்தது. அதே காலத்தில் கிராமங்கள் முதுமையடைந்தன. இளையோர் நகரத்துக்குப் போனார்கள். வயல்கள் கைவிடப்பட்டன. காட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஆள் நடமாட்டத்தோடு இருந்த இடைவெளி மறைந்தது. 1970 களின் இறுதியில் ஹொக்கைடோவில் ஏறக்குறைய 20,000 வேட்டைக்காரர் இருந்தார்கள். இன்று அதில் ஒரு சிறு பங்கினரே இருக்கிறார்கள். அவர்களிலும் கணிசமானோர் வயதானவர்கள்.

வசந்தகால வேட்டை நின்றபோது கரடியைச் சுடுவது மட்டும் நிற்கவில்லை. பனிமேல் தடம் பார்த்துப் போவது, காற்றின் திசையைக் கணக்கிடுவது, காயப்பட்ட கரடி எந்தப் பக்கம் சுற்றி வந்து பதுங்கும் என்று ஊகிப்பது எல்லாம் ஒரு மூத்தவரின் பின்னால் பல வருடம் நடந்து கற்கிற விடயங்கள். அந்த நடை நின்றுபோனது.

இங்கே அனெசாக்கி ஹிதோஷியைச் சொல்லாமல் போக முடியாது. 1923 இல் பிறந்த அவர் ஐனுத் தாயின் மகன். சிறு வயதிலேயே குடும்பச் சுமையைத் தாங்க வேட்டைக்குப் போனவர். பின்னாளில் ஐனுக்களின் கடைசிக் கரடி வேட்டைக்காரர் என்று அறியப்பட்டவர். தன் வாழ்நாளில் ஏறக்குறைய 60 கரடிகளை வீழ்த்தியவர், கரடியே தன் ஆசான் என்று சொன்னார். கரடியின் தடத்தில் நடந்தே மலையைக் கற்றேன் என்பது அவர் கருத்து. கரடியை எதிர்கொண்டால் என்ன செய்வது என்பது பற்றி அவரோடு நடத்திய நீண்ட உரையாடல் 2002 இல் ஜப்பானிய மொழியில் நூலாக வந்தது. முதுகு காட்டி ஓடாதே, நின்று அதன் கண்ணைப் பார் என்பது அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அவர் 2013 இல் காலமானார். நூல் இன்றும் விற்கிறது. அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் படித்து மட்டும் மலையில் நடக்கப் பழக முடியாது.

மீண்டும் வந்த வசந்த வேட்டை

2021 ஜூனில் ஒரு கரடி, ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் வாழும் சப்போரோ நகரின் குடியிருப்புக்குள் வந்து நால்வரைக் காயப்படுத்தியது. 2019 முதல் 2023 வரை கிழக்கு ஹொக்கைடோவில் ஒரே கரடி 66 மாடுகளைத் தாக்கியது. வருடக்கணக்கில் தேடியும் அகப்படாத அந்தக் கரடி கடைசியில் தற்செயலாகவே சுடப்பட்டது. மரபணுச் சோதனைக்குப் பிறகுதான் அது இதுதான் என்று தெரிந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2023 இன் அறிவிப்பு வந்தது. இந்த முறை "அழிப்பு" என்ற சொல் இல்லை. "வசந்தகால முகாமைத்துவப் பிடிப்பு" என்று பெயர். ஊரை ஒட்டி வாழும் கரடிகளுக்கு மனிதர் மீதான அச்சத்தைத் திரும்ப ஊட்டுவதும், இளம் வேட்டைக்காரரைப் பயிற்றுவதும் நோக்கங்களாகச் சொல்லப்பட்டன. 2024 இறுதியில் நிர்வாகம் இன்னொரு படி மேலே போய், பத்து வருடத்தில் ஏறக்குறைய 12,500 கரடிகளைப் பிடித்து மொத்த எண்ணிக்கையைக் குறைக்கத் திட்டமிட்டது.

திட்டம் காகிதத்தில் இருக்கிறது. மலையேற ஆள் வேண்டும். 2024 இல் நயே என்ற சிறிய நகரம் வேட்டைக்காரருக்கு நாளொன்றுக்கு 8,500 யென் தருவதாகச் சொன்னபோது, உள்ளூர் வேட்டைக்காரர் சங்கம் மறுத்துவிட்டது. உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு அந்தக் கூலி போதாது என்பது அவர்கள் நிலைப்பாடு. அதைவிடப் பெரிய காயம் சுனகாவா வழக்கு. 2018 இல் நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில், பொலிஸார் உடனிருக்க, ஒரு மூத்த வேட்டைக்காரர் கரடியைச் சுட்டார். பின்னர், குண்டு வீடுகளை நோக்கிப் போயிருக்கலாம் என்று சொல்லி அவருடைய துவக்கு அனுமதி பறிக்கப்பட்டது. 2021 இல் மாவட்ட நீதிமன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 ஒக்டோபரில் மேல் நீதிமன்று அதைத் தலைகீழாக மாற்றியது. அரசு கேட்டதற்காகச் சுட்டவரின் கதி இதுவென்றால் நாங்கள் ஏன் போக வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

2025 இல் நிலைமை இன்னும் கடுமையானது. ஹொக்கைடோவில் பத்திரிகை விநியோகித்துக்கொண்டிருந்த ஒருவரும் மலையேறச் சென்ற ஓர் இளைஞரும் கரடிகளால் கொல்லப்பட்டார்கள். தெற்கே பெருந்தீவான ஹொன்ஷுவின் வடபகுதியில் கறுப்புக் கரடிகளின் தாக்குதல்கள் பெருகின. நாடு முழுவதும் ஒரே வருடத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அகிதா மாவட்டத்துக்கு உதவியாகத் தற்காப்புப் படையினர் அனுப்பப்பட்டனர். செப்டெம்பர் முதல், நகரப் பகுதிக்குள் கரடி வந்தால் சுடுவதற்கு உள்ளூராட்சித் தலைவரே அனுமதி கொடுக்கலாம் என்று சட்டம் மாறியது. மறுபக்கத்தில், கரடி சுடப்படும் ஒவ்வொரு முறையும் தொலைவிலுள்ள நகரவாசிகளிடமிருந்து அலுவலகங்களுக்குக் கண்டனத் தொலைபேசிகள் குவிந்தன. அந்த அழைப்புகளில் பல, கரடியை மிருகக்காட்சிச்சாலையில் மட்டும் பார்த்தவர்களிடமிருந்து வந்திருக்கும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் குறைத்த ஒரு திட்டம் ஏற்கெனவே ஒரு தடவை எங்கே போய் முடிந்தது என்று கேட்பவர்களை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

இதில் ஐனு மக்கள் எங்கே?

2008 இல் ஜப்பானியப் பாராளுமன்றம் ஐனு மக்களைப் பூர்வீகக் குடிகள் என்று ஏற்கக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2019 இல் சட்டத்திலும் அந்தச் சொல் வந்தது. 2020 இல் ஷிராவோயில் பெரிய தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் நிலத்துக்கோ, வேட்டைக்கோ, மீன்பிடிக்கோ உரிமை தரவில்லை. ஆற்று முகத்துவாரத்தில் சல்மன் பிடிக்கும் உரிமை கேட்டு உரஹொரோ பகுதி ஐனு மக்கள் 2020 இல் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் சப்போரோ மாவட்ட நீதிமன்று அதைத் தள்ளுபடி செய்தது. பண்பாட்டைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டலாம், அந்தப் பண்பாடு நின்ற ஆற்றையும் மலையையும் கேட்கக்கூடாது என்பதே இதுவரையான பதில்.

அரசு இன்று பணம் கொடுத்துத் தேடும் அறிவு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு அந்தத் தீவில் இலவசமாக இருந்தது. அதை வைத்திருந்தவர்களின் அம்பைப் பறித்தார்கள், ஆற்றைப் பூட்டினார்கள், சடங்கைக் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். பிறகு வந்த வேட்டைக்காரர்களைப் பயன்படுத்தினார்கள், தேவையில்லை என்றார்கள், இப்போது வா என்கிறார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு காரணம் இருந்தது. மலையடிவாரத்தில் இருந்தவரிடம் கேட்டு எடுத்த முடிவு என்று எதையும் காண்பது கடினம்.

எங்கள் காட்டுக் கரடி

இலங்கையில் உள்ளது வேறு இனக் கரடி. அது குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை. புற்றைத் தோண்டிக் கறையான் தின்னும், பாலை பழுக்கும் காலத்தில் மரமேறும். வன்னியில் பாலைப்பழம் பொறுக்கப் போகும் சனமும் கரடியும் ஒரே மரத்தடியில் சந்திக்கும் பருவம் அதுதான். எங்கள் கரடிப் பயம் பழக்காலத்துக்குரியது. முகத்தில் காயத் தழும்போடு வாழும் மூத்தவர்களைக் காட்டோரக் கிராமங்களில் நான் சந்தித்திருக்கிறேன். இந்தக் கரடி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. தீவில் அதன் தொகையும் சிறியது. அதை வேட்டையாட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் போரும் இடப்பெயர்வும் எங்கள் ஊர்களுக்குச் செய்ததை நினைத்துப் பாருங்கள். பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வயல்களில் காடு ஏறியது. யானை பாதை போட்டுக்கொண்டது. மீள்குடியேறிய மக்கள் திரும்பியபோது, தங்கள் தோட்டக் காணி வனவளத் திணைக்களத்தினதோ வனஜீவராசிகள் திணைக்களத்தினதோ எல்லைக் கல்லுக்குள் போயிருப்பதைக் கண்டவர்கள் பலர். எந்தக் குளத்துக்கு எந்த மாதம் யானை வரும், எந்தப் பற்றைக்குள் குட்டியோடு கரடி படுத்திருக்கும் என்று தெரிந்த தலைமுறை முகாம்களிலும் புலம்பெயர் நாடுகளிலும் சிதறியது. பலர் உயிரோடு இல்லை. அந்த அறிவு இல்லாத இடத்தைக் கட்டுத்துவக்கும் வாய்வெடியும் பிடித்துக்கொண்டன. அவற்றுக்கு நல்ல யானை, கெட்ட யானை தெரியாது. விறகு பொறுக்கப் போன மனிதரும் தெரியாது.

ஐனு வேட்டையையோ அரசின் அழிப்பையோ இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான். காட்டெல்லைக் கூட்டம் பிரதேச செயலகத்தில் நடக்கும்போது, வரைபடத்தோடு வரும் அலுவலருக்குப் பக்கத்தில் பாலைப்பழம் பொறுக்கும் அம்மாவுக்கும் ஒரு கதிரை இருக்க வேண்டும். அவர் சொல்வது கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். எங்கள் ஊர்களில் காட்டை நடந்து அறிந்த ஐயாமாரும் அம்மாமாரும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, பேரப்பிள்ளை ஒருவர் அவர்களுக்குப் பின்னால் ஒரு பழக்காலம் நடந்து பார்த்துக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதமும் தேவைப்படாது.